வெள்ளிக்கிழமை குத்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளி நண்பகலில் பள்ளிவாசலில் கதீப் (உரையாற்றுபவர்) மிம்பரில் (படிகள் வைத்த மேடையில்) ஏறி ஆற்றும் குத்பா என்ற உரையைப் பற்றி இரண்டு தரப்பினர் கேட்கிறார்கள். சிறு வயதிலிருந்தே அதைக் கேட்டு வளர்ந்தும் ஏன், எதற்கு என்று யாரிடமும் கேட்காமல் விட்டவர்கள் ஒரு தரப்பு. உடன் வேலை செய்யும் முஸ்லிம் நண்பர் வெள்ளிக்கிழமை மட்டும் நண்பகலில் எங்கே போய்விடுகிறார் என்று யோசிப்பவர்கள் மறுதரப்பு. இருவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். மத்ஹபுகள் (மார்க்கச் சட்ட மரபுகள்) கருத்து வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். என் சாய்வும் சில இடங்களில் தெரியும். அதை மார்க்கத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குத்பா சொற்பொழிவா, வழிபாடா?

இரண்டும்தான். வாதங்கள் எல்லாம் அங்கிருந்தே கிளம்புகின்றன. சொற்பொழிவு என்று பார்த்தால் எதைப் பேசுவது, எந்த மொழியில், எவ்வளவு நேரம் என்பது பேசுபவர் விருப்பம். வழிபாடு என்று பார்த்தால் அதற்கு நேரம் உண்டு, கட்டாயக் கூறுகள் உண்டு, கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு. தொழுகைக்கு முன் குத்பா நிகழாவிட்டால் ஜும்ஆ (வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகை) நிறைவேறாது என்பது ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி ஆகிய நான்கு சுன்னி மத்ஹபுகளின் நிலை.

மற்ற நாட்களில் நண்பகலின் லுஹர் தொழுகை நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று ஒரு ரக்அத்). வெள்ளியன்று அதற்குப் பதிலாக ஜும்ஆ இரண்டே ரக்அத். குறைந்த இரண்டுக்கு ஈடாகவே குத்பா நிற்கிறது என்று முற்கால அறிஞர்கள் சிலர் சொன்னார்கள். அப்படியானால் தொழுகையில் நிற்பதுபோல கிப்லாவை (மக்காவின் திசையை) நோக்கி நிற்க வேண்டுமே, கதீப் மக்களை நோக்கியல்லவா நிற்கிறார் என்று மற்றவர்கள் மடக்கினார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் வாதமே வலுவாகப் படுகிறது. ஆனாலும் முதல் தரப்பு சொன்னதில் ஒரு பயன் இருக்கிறது: தொழுகை தொடங்கும்போது வந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பதில்.

குர்ஆன் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

62ஆம் அத்தியாயத்துக்கு ஜுமுஆ என்றே பெயர். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு இறைவனை நினைவுகூர விரைந்து வாருங்கள் என்கிறது 9ஆம் வசனம். அந்த ‘நினைவுகூர்தல்’ குத்பாவையும் உள்ளடக்கும் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுங்கள் என்கிறது 10ஆம் வசனம்.

11ஆம் வசனம்தான் சுவையானது. வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டால் உம்மை நின்ற நிலையில் விட்டுவிட்டு அதன்பால் கலைந்து ஓடிவிடுகிறார்கள் என்று நபியிடம் சொல்கிறது. பின்னணியை நபித்தோழர் ஜாபிர் விவரிக்கிறார். நபி (ஸல்) நின்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது சிரியாவிலிருந்து உணவுப் பொருள் ஏற்றிய வணிகக் கூட்டம் மதீனாவுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் தானியம் வந்து இறங்குவது ஊருக்கே பெரிய செய்தி. கூட்டம் எழுந்து போய்விட்டது. எஞ்சியவர்கள் பன்னிரண்டு பேர். உரையின் நடுவில் ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்து மனம் நோகும் கதீப்கள் இந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளலாம்.

முதல் குத்பா எங்கே நடந்தது?

நபி (ஸல்) மதீனாவுக்கு வருவதற்கு முன்பே அங்கிருந்த முஸ்லிம்கள் ஜும்ஆவுக்குக் கூடியிருக்கிறார்கள். அஸ்அத் இப்னு ஸுராரா அதை நடத்தினார் என்றும், அன்று நாற்பது பேர் இருந்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. நபியவர்கள் நடத்திய முதல் ஜும்ஆ 622இல், மக்காவிலிருந்து குடிபெயர்ந்த ஹிஜ்ரத் பயணத்தின் முடிவில். குபாவிலிருந்து மதீனாவின் உட்பகுதிக்கு வரும் வழியில், பனூ ஸாலிம் இப்னு அவ்ஃப் கோத்திரத்தாரின் இடத்தில் அது நடந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மதீனாப் பள்ளிவாசலுக்கு அடுத்து ஜும்ஆ நடந்த இடம் கிழக்கு அரேபியாவின் ஜுவாஸா. அன்று அந்தப் பகுதிக்கு பஹ்ரைன் என்று பெயர். இன்றைய தீவு நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நபியவர்களின் குத்பா எப்படி இருந்தது?

எழுதி வைத்து வாசித்த உரைகள் அல்ல என்பதால் முழுப் பிரதிகள் இல்லை. ஆனால் கேட்டவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நேரில் பார்ப்பதுபோல ஒரு சித்திரம் கிடைக்கிறது. நின்றுகொண்டே பேசினார்கள், நடுவில் சற்று உட்கார்ந்தார்கள், மீண்டும் எழுந்து பேசினார்கள். அவர்கள் உட்கார்ந்து குத்பா நிகழ்த்தினார்கள் என்று யாராவது சொன்னால் அது பொய் என்று ஜாபிர் இப்னு ஸமுரா என்ற இன்னொரு தோழர் அடித்துச் சொல்கிறார். பேசும்போது கண்கள் சிவக்கும், குரல் உயரும், எதிரிப் படை வருகிறது என்று எச்சரிப்பவர்போல இருப்பார்கள். வில்லிலோ கைத்தடியிலோ ஊன்றி நின்றதாகவும் செய்தி உண்டு.

உம்மு ஹிஷாம் என்ற பெண்மணி சொல்லும் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அவர் வீட்டுக்கும் நபியின் வீட்டுக்கும் ஓராண்டுக்கு மேலாக ஒரே ரொட்டி அடுப்பு; அவ்வளவு நெருக்கமான அண்டை வீடு. குர்ஆனின் ‘காஃப்’ அத்தியாயத்தை நான் மனப்பாடம் செய்தது நபியின் வாயிலிருந்து கேட்டுத்தான், ஒவ்வொரு வெள்ளியும் மிம்பரில் அதை ஓதுவார்கள் என்கிறார் அவர். அந்த அத்தியாயத்தில் 45 வசனங்கள். மரணம், மறுமை, மனிதனின் பிடரி நரம்பைவிட நெருக்கமாக இருக்கும் இறைவன் என்று செல்வது. கேட்டுக் கேட்டே மனதில் பதிந்துவிட்டது என்றால் புதிது புதிதாகத் தலைப்புத் தேடுவதை அவர்கள் முதன்மையாக எண்ணவில்லை என்று தெரிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் குத்பா இடைமறிக்கக்கூடியதாக இருந்தது. வறட்சிக் காலம் ஒன்றில் ஒருவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்து, கால்நடைகள் அழிகின்றன, மழைக்குப் பிரார்த்தியுங்கள் என்று உரைக்கு நடுவிலேயே கேட்டார். நபியவர்கள் அங்கேயே கைகளை உயர்த்திப் பிரார்த்தித்தார்கள். ஒரு வாரம் சூரியனைக் காணாத அளவுக்கு மழை. அடுத்த வெள்ளி அதே வாசல் வழியாக ஒருவர் வந்து, மழையால் எல்லாம் அழிகிறது, நிற்கும்படி பிரார்த்தியுங்கள் என்றார். “எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள் மேல் வேண்டாம்” என்று பிரார்த்தித்தார்கள் என்று நபித்தோழர் அனஸ் சொல்கிறார். வேறொரு நாள் அபூ ரிஃபாஆ என்பவர் வந்து, நான் வெளியூர்க்காரன், மார்க்கம் தெரியாது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றதும் உரையை நிறுத்தி இறங்கிவந்து, நாற்காலியில் அமர்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, திரும்பப் போய் உரையை முடித்தார்கள். பேரப்பிள்ளைகள் ஹசனும் ஹுசைனும் சிவப்புச் சட்டை தடுக்கித் தள்ளாடி வந்தபோது மிம்பரிலிருந்து இறங்கி இருவரையும் தூக்கிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

மிம்பர் எப்போது வந்தது?

தொடக்கத்தில் நபியவர்கள் ஒரு பேரீச்சை அடிமரத்தில் சாய்ந்து நின்று பேசினார்கள். பிறகு மதீனாவாசியான அன்சாரிப் பெண் ஒருவரிடம், தச்சு வேலை தெரிந்த உன் பணியாளிடம் சொல்லி எனக்கு அமர்ந்து பேச மரத்தில் ஒன்று செய்து கொடு என்று சொல்லியனுப்பினார்கள். காபா என்ற காட்டுப் பகுதியின் மரத்தில் மூன்று படிகளோடு அது உருவானது. புதிய மிம்பரில் ஏறிய நாளில் பழைய அடிமரம் பெண் ஒட்டகம்போல அழுதது, நபியவர்கள் இறங்கி வந்து கைவைத்துத் தடவிய பிறகே அடங்கியது என்ற அறிவிப்பு புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது.

பிற்கால மிம்பர்கள் கலைப்பொருளாகவே வளர்ந்தன. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் 9ஆம் நூற்றாண்டின் தேக்கு மிம்பர் இன்றும் இருக்கிறது. எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். ஜெருசலேமின் அல்-அக்ஸா மிம்பருக்குத் தனிக் கதை. சிலுவைப் போராளிகளின் பிடியில் நகரம் இருந்தபோதே, ஒருநாள் மீட்போம் என்ற எண்ணத்தில் சிரியாவை ஆண்ட நூருத்தீன் அதை 1168–69இல் அலெப்போவில் செய்யத் தொடங்கினார். அவர் இறந்து, 1187இல் சுல்தான் ஸலாஹுத்தீன் நகரத்தை மீட்ட பிறகு அது அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டது. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஒருவர் வைத்த தீயில் எரிந்துபோனது. அதே வடிவில் ஜோர்டானில் செய்யப்பட்ட மிம்பர் 2007இல் அங்கு நிறுவப்பட்டது.

குத்பாவில் என்னென்ன கட்டாயம்?

ஷாஃபி மத்ஹபில் ஐந்து கூறுகள்: இறைவனைப் புகழ்வது, நபிமீது ஸலவாத் (வாழ்த்து), இறையச்சத்தை வலியுறுத்துவது ஆகிய மூன்றும் இரண்டு குத்பாக்களிலும் (நடுவில் உட்காருவதற்கு முன்னும் பின்னும் பேசும் பகுதிகளில்) இருக்க வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது ஒரு குர்ஆன் வசனம், இரண்டாவதில் இறைநம்பிக்கையாளர்களுக்காகப் பிரார்த்தனை. நடுவில் உட்கார்வதும் அங்கே கட்டாயம். ஹனஃபி மத்ஹபில் அது சுன்னத் (கட்டாயமில்லாத நபிவழி). குத்பா என்ற எண்ணத்தோடு ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று ஒரு முறை சொன்னாலே செல்லும் என்பது அந்த மத்ஹபின் மூலவர் அபூ ஹனீஃபாவின் கருத்து. அவ்வளவோடு நிறுத்துவது வெறுக்கத்தக்கது என்பதையும் அந்த மத்ஹபினரே சேர்த்துச் சொல்வார்கள். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் ஆசிரியரோடு உடன்படவில்லை: மக்கள் வழக்கில் குத்பா என்று சொல்லும்படியாக ஏதாவது இருந்தாக வேண்டும் என்றார்கள்.

எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதிலும் இதே விரிவு. ஷாஃபிகளுக்கும் ஹன்பலிகளுக்கும் நாற்பது, மாலிகிகளுக்குப் பன்னிரண்டு, ஹனஃபிகளுக்குத் தொழுகை நடத்தும் இமாமைத் தவிர மூவர். நாற்பதும் பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன என்று மேலே இரண்டு பதில்களைப் படித்தவர்களுக்கே தெரிந்திருக்கும்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

சுருக்கமாக. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நபித்தோழர் அம்மார் இப்னு யாஸிர் ஒருமுறை மிகச் சுருக்கமாக, ஆனால் அழகாகக் குத்பா நிகழ்த்தி இறங்கினார். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்றார்கள். தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒரு மனிதரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டதாக அவர் பதில் சொன்னார். ‘முஸ்லிம்’ என்ற பெயருள்ள தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. இதையே மேற்கோள் காட்டி அரைமணி நேரம் விளக்குபவர்களும் உண்டு, என்ன செய்வது. வந்திருப்பவர்களில் உணவு இடைவேளையில் ஓடிவந்தவர் இருப்பார், முதியவர் இருப்பார், வெளியில் வெயிலில் விரிப்பில் உட்கார்ந்திருப்பவர் இருப்பார்.

பாங்கு ஏன் இரண்டு முறை சொல்கிறார்கள்?

நபியின் காலத்திலும் அவருக்குப் பின் தலைமை ஏற்ற முதல் இரு கலீஃபாக்கள் காலத்திலும் இமாம் மிம்பரில் அமர்ந்ததும் ஒரே பாங்குதான். மக்கள் பெருகியபோது மூன்றாம் கலீஃபா உஸ்மான், மதீனாக் கடைவீதியில் ஸவ்ரா என்ற இடத்திலிருந்து முன்கூட்டியே இன்னொரு பாங்கு சொல்ல ஏற்பாடு செய்தார். இன்று சில பள்ளிவாசல்களில் இரண்டு, சிலவற்றில் ஒன்று.

கேட்பவர் பேசவே கூடாதா?

கூடாது. பக்கத்தில் பேசுபவரைப் பார்த்து ‘சும்மா இரு’ என்று சொன்னால்கூட நீயும் வீண் செயல் செய்துவிட்டாய் என்கிறது அபூ ஹுரைராவின் அறிவிப்பு. தரையில் கிடக்கும் பொடிக்கற்களை அளைந்துகொண்டிருப்பவரும் வீண் செயல் செய்தவரே என்கிறது இன்னொன்று. அன்றைய பள்ளிவாசலின் தரை கல்லும் மணலும். இன்று அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. பேசுவது ஹராம் (தடுக்கப்பட்டது) என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஷாஃபி மத்ஹபில் வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்துகிறார்கள். குழந்தை விளக்கில் கைவைக்கப் போகிறது என்றால் எல்லா மத்ஹபிலும் வாயைத் திறக்கலாம்.

இமாம் கேட்டால் பதில் சொல்லலாம். ஒரு வெள்ளி இரண்டாம் கலீஃபா உமர் மிம்பரில் நிற்கும்போது உஸ்மான் தாமதமாக நுழைந்தார். இது என்ன நேரம் என்று உமர் அங்கிருந்தே கேட்டார். வேலையாக இருந்தேன், பாங்கு கேட்டதும் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுதல்) மட்டும் செய்துவிட்டு வருகிறேன் என்றார் உஸ்மான். ஒளு மட்டும்தானா, குளித்துவிட்டு வரும்படி நபி (ஸல்) சொன்னது தெரியுமே என்றார் உமர். பின்னாளில் கலீஃபாவான ஒருவரையே எல்லோர் முன்னிலும் நிறுத்திக் கேட்கும் இடமாக மிம்பர் இருந்திருக்கிறது.

குத்பா நடக்கும்போது வந்தால் என்ன செய்வது?

ஸுலைக் என்பவர் அப்படி வந்து உட்கார்ந்தார். எழுந்து சுருக்கமாக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு உட்காருங்கள் என்று நபி (ஸல்) சொன்னார்கள். ஷாஃபிகளும் ஹன்பலிகளும் இதையே பின்பற்றுகிறார்கள். ஹனஃபிகளும் மாலிகிகளும் இமாம் மிம்பருக்கு வந்துவிட்டால் கேட்பதே கடமை, உட்கார்ந்துவிட வேண்டும் என்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் தொழுதால் அவரையும் உட்கார்ந்தால் இவரையும் முறைத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

குத்பா முழுவதும் தவறிப்போய் தொழுகையில் ஒரு ரக்அத் கிடைத்துவிட்டால் ஜும்ஆ கிடைத்துவிட்டது. அதுவும் கிடைக்காதவர் நான்கு ரக்அத் லுஹராக முடிக்க வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து. நன்மையைப் பொறுத்தவரை கணக்கு வேறு: முந்தி வருபவருக்கு ஒட்டகம் பலியிட்ட நன்மை, பிறகு மாடு, ஆடு, கோழி, கடைசியில் முட்டை என்று இறங்கிக்கொண்டே போகும் ஹதீஸ் பிரபலமானது. இமாம் வந்ததும் வாசலில் பெயர் எழுதும் வானவர்கள் ஏடுகளைச் சுருட்டிவிட்டு உள்ளே வந்து குத்பா கேட்கிறார்களாம்.

அரபியில்தான் இருக்க வேண்டுமா?

மிக நீண்ட விவாதம் இது. குத்பாவின் கூறுகள் அரபியில் இருக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் வலுவான நிலை. அரபி தெரிந்தவரும் வேறு மொழியில் நிகழ்த்தலாம் என்றார் அபூ ஹனீஃபா. இயலாதவருக்கு மட்டுமே அந்தச் சலுகை என்றார்கள் அவருடைய மாணவர்கள். நடைமுறையில் மூன்று வழிகள் உருவாயின. முழுவதும் அரபி, அரபிக் குத்பாவுக்கு முன் மக்கள் மொழியில் தனியாகப் பயான் (சொற்பொழிவு), புகழுரை, ஸலவாத், வசனங்களை அரபியிலும் அறிவுரையை மக்கள் மொழியிலும் சொல்லும் கலப்பு முறை. உலக முஸ்லிம் லீக்கின் மக்கா ஃபிக்ஹ் மன்றம் மூன்றாவதன் பக்கம் நின்றது: அரபி நிபந்தனை அல்ல, முன்னுரையும் வசனங்களும் அரபியில் இருப்பது சிறந்தது என்று தீர்மானித்தது.

துருக்கியில் இது அரசியல் ஆனது. குத்பா மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 1923இல் முஸ்தஃபா கமால் (அத்தாதுர்க்) பாலிகேசிர் பள்ளிவாசல் மிம்பரிலேயே பேசினார். 1932இல் இஸ்தான்புல்லின் சுலைமானியாவில் முழுவதும் துருக்கிய மொழியில் குத்பா நிகழ்ந்தது. அதே காலத்தில் பாங்கையும் துருக்கிய மொழியில் சொல்ல வைத்தார்கள். மக்கள் அதை மனதார ஏற்கவில்லை. 1950இல் அரபி பாங்கு திரும்பியது. குத்பாவின் அறிவுரைப் பகுதி துருக்கிய மொழியிலேயே நிலைத்துவிட்டது. எதை மொழிபெயர்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று மக்கள் தாங்களாகவே கோடு போட்டுக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குத்பாவில் ஆட்சியாளர் பெயரைச் சொன்னது ஏன்?

ஒரு நாட்டில் யார் ஆள்கிறார் என்பதற்குப் பல நூற்றாண்டுகளாக இரண்டு அடையாளங்கள்: நாணயத்தில் யார் பெயர், குத்பாவில் யார் பெயர். இரண்டாவது குத்பாவின் பிரார்த்தனையில் கலீஃபா அல்லது சுல்தானின் பெயரைச் சேர்ப்பது வழக்கமானது. சேர்த்தால் விசுவாசம், விட்டால் கிளர்ச்சி. 822இல் குராசான் ஆளுநர் தாஹிர் ஒரு வெள்ளி கலீஃபா மஃமூனின் பெயரை விட்டுவிட்டார். பாக்தாத்துக்குச் செய்தி பறந்தது. தாஹிர் உடனே இறந்தும் போனார். விஷம் வைக்கப்பட்டது என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. 1059இல் பாக்தாத் மிம்பரிலேயே அப்பாஸிய கலீஃபாவின் பெயர் போய், எதிரிகளான கெய்ரோ ஃபாத்திமிகளின் பெயர் ஏறத்தாழ ஓராண்டு ஒலித்தது. 1171இல் அது தலைகீழானது: கெய்ரோவில் ஃபாத்திமி கலீஃபா மரணப் படுக்கையில் இருந்தபோது ஸலாஹுத்தீனின் ஏற்பாட்டில் அப்பாஸிய கலீஃபாவின் பெயர் சொல்லப்பட்டது. இரண்டு நூற்றாண்டு ஆட்சி அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. இதற்காக இரண்டு ஆடுகள்கூட முட்டிக்கொள்ளவில்லை என்று எழுதிவைத்தார் வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர்.

அக்பர் 1579இல் ஃபதேபூர் சிக்ரியில் தாமே மிம்பரில் ஏறிக் குத்பா வாசிக்க முற்பட்டார். சில வரிகளிலேயே நடுங்கித் தடுமாறி இறங்கி, மீதியை அரண்மனைக் கதீபிடம் விட்டார் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் பதாயூனி. அவருக்கு அக்பரைப் பிடிக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

மிம்பர் வசைக்கும் பயன்பட்டதா?

பயன்பட்டது. உமையா வம்சத்தார் ஆண்ட காலத்தில் மிம்பர்களில் நான்காம் கலீஃபா அலியை ஏசும் வழக்கம் இருந்தது. 717இல் கலீஃபாவான உமர் இப்னு அப்துல் அஸீஸ் அதை நிறுத்தி, அந்த இடத்தில் நீதியும் நன்மையும் செய்யும்படி இறைவன் கட்டளையிடுகிறான் என்ற 16:90 வசனத்தை ஓத வைத்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இன்றும் உலகின் பல பகுதிகளில் இரண்டாவது குத்பாவின் முடிவில் கேட்பது அந்த வசனம்தான்.

அதற்கு முன்பு, மதீனா ஆளுநர் மர்வான் பெருநாள் அன்று செய்த காரியம் இன்னும் வேடிக்கை. பெருநாளில் தொழுகை முதலில், குத்பா பிறகு. தொழுகை முடிந்ததும் மக்கள் இவர் பேச்சுக்கு உட்காராமல் எழுந்து போனார்கள். ஆகவே குத்பாவை முன்னால் மாற்றினார். நபித்தோழர் அபூ ஸயீத் அல்-குத்ரீ அவர் ஆடையைப் பிடித்து இழுத்துத் தடுத்தும் பயனில்லை. மக்கள் எங்களுக்காக உட்காருவதில்லையே என்பதுதான் மர்வான் சொன்ன காரணம். கூட்டம் ஏன் கலைகிறது என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை போலும்.

இன்று அரசு எழுதிக்கொடுக்கும் குத்பாக்கள் உண்டா?

பல நாடுகளில் உண்டு. துருக்கியில் 1924இல் அமைந்த சமய விவகாரத் தலைமையகம் குத்பாவின் வாசகத்தைத் தயாரித்துப் பள்ளிவாசல்களுக்கு அனுப்புகிறது. எகிப்தில் 2016இல் வக்ஃப் அமைச்சகம் எழுதிய உரையையே எல்லாக் கதீப்களும் வாசிக்க வேண்டும் என்று கொண்டுவந்தபோது, அல்-அஸ்ஹரின் மூத்த அறிஞர் மன்றமே எதிர்த்தது. அப்படிச் செய்தால் கதீப் தானாகச் சிந்திப்பதை மறந்துவிடுவார் என்பது அவர்கள் கவலை. தீவிரவாதப் பேச்சைத் தடுக்கிறோம் என்று அரசுகள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே உரை எல்லா ஊர்களுக்கும் போனால், மழை கேட்டு வாசலில் நிற்பவருக்கு அதில் இடம் இருக்காது.

அப்படியானால் கதீப் அரசியல் பேசலாமா?

விலைவாசி, ஊழல், அநீதி, போர் ஆகியவற்றைப் பேசாமல் இறையச்சத்தை மட்டும் பேசுவது குத்பாவின் வரலாற்றுக்கு ஒவ்வாதது. கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு. கேட்பவர் எழுந்து மறுத்துப் பேச முடியாத மேடை அது. வாயைத் திறக்கவே கூடாது என்று மார்க்கமே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. பதில் சொல்ல முடியாதவர் முன்னால் பேசுபவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு. பெயர் சொல்லி யாரையும் தாக்குவதும், சரிபார்க்காத செய்திகளைச் சொல்வதும் அதனாலேயே மிம்பரில் மிக மோசமாகின்றன.

பார்த்து வாசிக்கலாமா? கதீபுக்குத் தகுதி என்ன?

வாசிக்கலாம். 10ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் ஆட்சியாளர் ஸைஃபுத் தௌலாவின் அவையில் இருந்த இப்னு நுபாத்தாவின் எதுகை நயம் மிக்க குத்பாக்கள் அவர் மறைந்து நூற்றாண்டுகள் கழித்தும் மிம்பர்களில் ஓதப்பட்டன. அழகுதான். ஆனால் வேறு காலத்துக்கும் வேறு கவலைகளுக்கும் எழுதியவை.

தகுதியைப் பொறுத்தவரை ஓதல் சரியாக இருக்க வேண்டும், சொல்வது ஆதாரமுள்ளதாக இருக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் பஸ்ராவுக்குப் போன பயணி இப்னு பதூதா, அங்கே ஜும்ஆவில் கதீப் பிழை மேல் பிழையாக அரபி பேசுவதைக் கேட்டுத் திகைத்தார். அரபி இலக்கணமே பிறந்து வளர்ந்த ஊர் அது. காஜியிடம் (நீதிபதியிடம்) முறையிட்டபோது, இந்த ஊரில் இலக்கணம் தெரிந்தவர் இப்போது ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது.

பெண்களுக்கு ஜும்ஆ உண்டா?

கடமை இல்லை, வந்தால் நிறைவேறும், லுஹர் தனியாகத் தொழ வேண்டியதில்லை. இதில் மத்ஹபுகளுக்குள் சச்சரவு இல்லை. பயணத்தில் இருப்பவருக்கும் நோயாளிக்கும்கூடக் கடமை இல்லை. பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்ற ஹதீஸ் இருக்கும்போது இடமில்லை என்று சொல்லி அனுப்பும் நிர்வாகங்கள், இடத்தை உண்டாக்குவது பற்றி யோசிக்கலாம். ‘காஃப்’ அத்தியாயம் எப்படி ஓதப்பட்டது என்று நமக்குச் சொன்னவரே அங்கே இருந்த ஒரு பெண்தான். ஆண்களும் இருக்கும் ஜும்ஆவில் பெண் குத்பா நிகழ்த்துவதை மரபு ஏற்பதில்லை. 2005இல் நியூயார்க்கில் அமெரிக்க அறிஞர் ஆமினா வதூத் அப்படி நடத்தியபோது உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஆதரித்தவர்கள் மிகச் சிலர்.

ஷியாக்களிடம் எப்படி?

பன்னிரு இமாம் ஷியா மரபில் மறைந்திருக்கும் இமாம் திரும்பும்வரை ஜும்ஆ கட்டாயமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. ஜும்ஆ அல்லது லுஹர், இரண்டில் எதையும் தொழலாம் என்பது இன்று பரவலான கருத்து. ஈரானில் புரட்சிக்குப் பின் 1979 ஜூலையில் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஆயத்துல்லா தாலகானி நடத்திய ஜும்ஆவிலிருந்து அது நாட்டின் முதன்மையான அரசியல் மேடையும் ஆகிவிட்டது. அங்கே கதீப் துப்பாக்கியை ஊன்றி நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

நபியவர்களின் இறுதி ஹஜ் பேருரை ஜும்ஆ குத்பாவா?

இல்லை. 632இல் மக்காவுக்கு அருகே அரஃபாவில் அந்த உரை நிகழ்ந்த நாள் வெள்ளிக்கிழமைதான். ஆனால் பயணத்தில் இருந்ததால் அன்று லுஹரும் அஸரும் சேர்த்துத் தொழப்பட்டன. அது ஹஜ்ஜுக்குரிய குத்பா. பெருநாள், மழைத் தொழுகை, திருமணம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குத்பாக்கள் உண்டு. பெருநாள் குத்பாவைக் கேட்காமல் போனாலும் தொழுகை செல்லும்.

இணையத்தில் குத்பா கேட்டுக்கொண்டு வீட்டிலேயே ஜும்ஆ தொழலாமா?

2020இல் பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்தது. செல்லாது, வீட்டில் லுஹர் தொழுங்கள் என்பதே பெரும்பாலான ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அமைப்புகளின் பதில். கூடுவது நிபந்தனை, திரையில் கூட முடியாது. செல்லும் என்று சொன்ன சிலரும் இருந்தார்கள். வேலையில் இருக்கும்போதோ படுக்கையில் இருக்கும்போதோ பழைய குத்பாக்களைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்போது பேசலாம், நிறுத்தி வைக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம்.